நான்கு ஒன்றுகள்

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில், பிட்ஸ்பர்க் நகரத்துக்குப் பக்கத்தில் அலிக்விப்பா என்றொரு சிற்றூர் இருக்கிறது. ஒரு காலத்தில் இரும்பாலையை நம்பிப் பிழைத்த ஊர். 2023 நவம்பர் 25, சனிக்கிழமை. ஊரின் குடிநீர் வாரியத்துக்குச் சொந்தமான ஒரு நீரேற்று நிலையத்தில் அலாரம் அடித்தது. அக்கம்பக்கத்து இரண்டு ஊர்களுக்குப் போகும் தண்ணீரின் அழுத்தத்தைச் சீராக வைத்திருப்பது அந்த நிலையத்தின் வேலை. ஓடிப்போய்ப் பார்த்தார்கள். பம்பைக் கட்டுப்படுத்தும் பெட்டியின் சின்னத் திரையில் வழக்கமான அளவுகளைக் காணோம். ‘உங்களை ஹேக் செய்துவிட்டோம், இஸ்ரேலில் தயாரான எந்தக் கருவியும் எங்கள் குறிதான்’ என்ற பொருளில் ஓர் அறிவிப்பு நின்றது.

ஊழியர்கள் பதறவில்லை. தானியங்கி அமைப்பை நிறுத்தினார்கள், பம்பைக் கையால் இயக்கினார்கள். குழாயில் தண்ணீர் ஒரு நிமிடமும் நிற்கவில்லை. அந்தக் கருவி இஸ்ரேல் நாட்டின் யூனிட்ரானிக்ஸ் நிறுவனத் தயாரிப்பு. கைவரிசை காட்டியவர்கள் ‘சைபர் அவெஞ்சர்ஸ்’ என்று தங்களை அழைத்துக்கொண்ட கும்பல். ஈரானின் புரட்சிகரக் காவல் படையோடு தொடர்புள்ளவர்கள் இவர்கள் என்பது அமெரிக்க அரசின் குற்றச்சாட்டு.

காசா போர் நடந்துகொண்டிருந்த நேரம். அலிக்விப்பாக்காரர்களுக்கும் அந்தப் போருக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. பல ஆண்டுகளுக்கு முன் யாரோ ஓர் ஒப்பந்ததாரர் வாங்கி மாட்டிய பெட்டியின் மேல் இருந்த கம்பெனிப் பெயர்தான் சம்பந்தம்.

உள்ளே நுழைந்த விதம்தான் இந்தக் கட்டுரைக்குக் காரணம். அமெரிக்க இணையப் பாதுகாப்பு முகமை அடுத்த சில நாட்களில் ஓர் எச்சரிக்கை வெளியிட்டது. தாக்கப்பட்ட கருவிகள் நேரடியாக இணையத்தில் திறந்து கிடந்தன. தொழிற்சாலையில் வைத்த பாஸ்வேர்டு மாற்றப்படாமல் இருந்தது. அந்தப் பாஸ்வேர்டு 1111. புதுப் பெட்டி வாங்கினால் நம்பர் பூட்டில் மூன்று சைபர் இருக்குமே, வீட்டுக்கு வந்ததும் மாற்றிவிடுவோமே, அதைக்கூட யாரும் செய்யவில்லை.

இப்படிச் சிக்கிய கருவிகள் குறைந்தது 75 என்று பின்னர் கணக்குச் சொன்னார்கள். பிட்ஸ்பர்க் வட்டாரத்துப் பியர் ஆலை ஒன்றும் அதில் சேர்த்தி. அயர்லாந்தின் மேயோ மாவட்டத்தில், அட்லாண்டிக் கடலோரக் கிராமப் பகுதியில், மக்களே கூடி நடத்தும் ஒரு சிறு குடிநீர்த் திட்டமும் மாட்டிக்கொண்டது. அங்கே சுமார் 180 வீடுகளுக்கு இரண்டு நாள் தண்ணீர் வரவில்லை.

மோட்டாருக்குப் போன்

இதைப் படித்துவிட்டு ‘பம்பு செட்டை எதற்கு இன்டர்நெட்டில் கோத்தார்கள்?’ என்று கேட்கத் தோன்றும். அதற்கு என் பெரியப்பாவிடம் பதில் உண்டு. கோபிசெட்டிபாளையத்துப் பக்கம் அவருக்குத் தோட்டம். மும்முனை மின்சாரம் முறை வைத்து வரும். நள்ளிரவு முறை வந்தால் டார்ச்சும் தடியுமாக வரப்பில் நடந்து போய் மோட்டார் போட வேண்டும். பாம்புக்குப் பயம், ஈரக்கையோடு ஸ்டார்ட்டரைத் தொடப் பயம். பத்துப் பன்னிரண்டு வருடமாக அந்த நடை இல்லை. ஸ்டார்ட்டர் பெட்டிக்குள் சிம் கார்டு போட்ட ஒரு கருவி உட்கார்ந்திருக்கிறது. கட்டிலில் படுத்தபடி அதற்குப் போன் செய்வார். ஒரு பெண் குரல் தமிழில் நிலவரம் சொல்லும்; எண்ணை அழுத்தினால் மோட்டார் ஓடும். ஒருநாள் காலையில் சலிப்போடு சொன்னார்: “மோட்டாருக்கு ராத்திரி பூரா போன் போட்டன் கண்ணு, எடுக்கவே மாட்டேங்குது.” மனிதரைப் பற்றிச் சொல்வதுபோலவே சொன்னார்.

இதுதான் ஐ.ஓ.டி. ‘பொருள்களின் இணையம்’ என்று தமிழாக்கியிருக்கிறார்கள். உணரும் கருவி ஒன்று, செய்தி கொண்டுபோக ஒரு சிம் அல்லது வைஃபை, எங்கோ ஒரு சர்வர், திரும்பி வரும் கட்டளை. பெயர் வைத்தவர் கெவின் ஆஷ்டன். 1999இல், சரக்குகளுக்கு மின்னணு அடையாளப் பட்டை ஒட்டுவது பற்றிய ஒரு விளக்க உரைக்குத் தலைப்பாக இதைப் போட்டார். பெயர் வருவதற்கு முன்பே பிள்ளை பிறந்துவிட்டது. 1982இல் அமெரிக்காவின் கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தில், மாடியேறிப் போய் ஏமாந்து திரும்பச் சோம்பல்பட்ட மாணவர்கள், கோக் இயந்திரத்தில் பாட்டில் இருக்கிறதா, குளிர்ந்திருக்கிறதா என்று இருந்த இடத்திலிருந்தே பார்க்க அதைக் கணினி வலையில் இணைத்தார்கள்.

இன்று நம் நாட்டில் இயந்திரங்களுக்கென்று தனி எண் வரிசையே உண்டு. நமக்கு 10 இலக்கம். இயந்திரங்கள் பேசிக்கொள்ளும் சிம்முக்கு 13 இலக்கம். பேருந்திலும் வாடகைக் காரிலும் இருக்கும் ஜி.பி.எஸ். பெட்டி, தெருமுனை ஏ.டி.எம்., புது மின் மீட்டர் எல்லாம் அந்தச் சாதி.

பயன் இல்லை என்று யாராவது சொன்னால் அரசு ஆரம்ப சுகாதார நிலையத்துத் தடுப்பூசிப் பெட்டியைக் காட்டுங்கள். 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டிய மருந்து. இரவில் கரண்ட் போய்ப் பெட்டி சூடேறி, காலையில் கரண்ட் வந்து மறுபடி குளிர்ந்துவிட்டால் பார்ப்பவருக்கு எதுவும் தெரியாது. கெட்டுப்போன மருந்து குழந்தையின் தொடையில் இறங்கும். மத்திய அரசின் ‘ஈவின்’ திட்டத்தில் அந்தப் பெட்டிகளில் சிம் பொருத்திய வெப்பமானிகளை வைத்தார்கள். 10 நிமிடத்துக்கு ஒரு முறை அளந்து, மணிக்கு ஒரு முறை சர்வருக்கு அனுப்பும். வரம்பு மீறினால் பொறுப்பாளரின் போனில் செய்தி வரும். கடல் கடந்து போகும் குளிர்பதனக் கன்டெய்னருக்குள் வெப்பநிலையைக் கரையிலிருந்தே பார்க்கும் கப்பல் நிறுவனம் செய்வதும் இதே வேலைதான், பொருள்தான் வேறு.

ஊர் அளவில் இதை முதலில் பெரிதாகச் செய்து பார்த்தது ஸ்பெயின் நாட்டின் வடகரையில் இருக்கும் சான்டாண்டர். 2010இல் ஐரோப்பிய ஒன்றியப் பணத்தில் தொடங்கிய ஆய்வு. இரண்டு லட்சம் பேர்கூட இல்லாத ஊரில் சுமார் 12,000 உணரிகளைப் பதித்தார்கள். வண்டி நிறுத்துமிடம் காலியா என்று சாலைக்கு அடியிலிருந்து சொல்ல ஒன்று, குப்பைத் தொட்டி நிரம்பிவிட்டதா என்று பார்க்க ஒன்று, பூங்கா மண்ணில் ஈரம் இருந்தால் தண்ணீர் விடாமல் நிறுத்த ஒன்று. நிறைந்த தொட்டிக்கு மட்டும் லாரி போனால் டீசல் மிச்சம். கணக்கு எளிது, அதனால்தான் உலகம் முழுக்கப் பரவியது.

அறுபது பாஸ்வேர்டுகளும் மூன்று இளைஞர்களும்

2016 அக்டோபர் 21. அமெரிக்காவின் கிழக்குக் கரையில் காலையில் எழுந்தவர்களுக்கு ட்விட்டர் திறக்கவில்லை. நெட்ஃபிளிக்ஸ், ரெட்டிட், ஸ்பாட்டிஃபை எதுவும் வரவில்லை. இந்த நிறுவனங்களின் சர்வர்களில் ஒரு கோளாறும் இல்லை. பெயரைக் கொடுத்தால் முகவரி சொல்லும் ‘டைன்’ என்ற நிறுவனத்தைப் பதில் சொல்ல விடாமல், போலிக் கேள்விகளால் மூழ்கடித்திருந்தார்கள். கேள்வி கேட்டவை கணினிகள் அல்ல. பெரும்பாலும் கண்காணிப்பு கேமராக்கள், அவற்றின் பதிவுப் பெட்டிகள், வீட்டு வைஃபை ரவுட்டர்கள்.

பின்னணியில் இருந்த நிரலின் பெயர் ‘மிராய்’. ஜப்பானிய மொழியில் எதிர்காலம் என்று பொருள். அது வேலை செய்த முறையைக் கேட்டால் சிரிப்பு வரும். இணையத்தில் கண்ணில் படும் கருவிகளின் கதவை ஒவ்வொன்றாகத் தட்டும். தன்னிடம் இருக்கும் 60 சொச்சம் பயனர்பெயர்–பாஸ்வேர்டு ஜோடிகளைப் போட்டுப் பார்க்கும். எல்லாமே கம்பெனிகள் தொழிற்சாலையில் வைத்து அனுப்பியவை; அட்மின், ரூட், 12345 வகையறா. திறந்தால் உள்ளே குடியேறும். அங்கிருந்து அடுத்த கதவைத் தட்டும். இப்படியே உச்சத்தில் ஆறு லட்சம் கருவிகள் அதன் கைக்குள் வந்தன. பிரேசில், கொலம்பியா, வியட்நாம் நாடுகளில் மிக அதிகம். கருவியை அணைத்துப் போட்டால் மிராய் அழிந்துவிடும். ஆனால் பாஸ்வேர்டு அதேதான் என்பதால் சில நிமிடங்களில் திரும்பி வந்துவிடும்.

எழுதியவர்கள் இருபதை ஒட்டிய வயதுடைய மூன்று அமெரிக்க இளைஞர்கள். நோக்கம் என்ன? ‘மைன்கிராஃப்ட்’ என்ற விளையாட்டு. அதற்குச் சர்வர் நடத்துபவர்களிடையே கடும் தொழில் போட்டி. எதிராளியின் சர்வரை முடக்கினால் ஆடுபவர்கள் நம் பக்கம் வருவார்கள். மூவரில் இருவர், தாக்குதலிலிருந்து காப்பாற்றித் தருகிறோம் என்று தனியாகக் கம்பெனியும் வைத்திருந்தார்கள். கல்லெறிபவரே கண்ணாடிக் கடையும் வைத்த கதை.

செப்டம்பர் மாதத்திலேயே பிரையன் கிரெப்ஸ் என்ற பத்திரிகையாளரின் இணையதளத்தை நொடிக்கு 620 ஜிகாபிட் வேகத்தில் அடித்து மிராய் தன் வருகையைச் சொன்னது. போலீஸ் நெருங்குவதாகத் தோன்றியதும், யார் எழுதியது என்று கண்டுபிடிக்க முடியாதபடி செய்ய, முழு நிரலையும் பொதுவில் போட்டுவிட்டார்கள். ஒரு கும்பலின் ஆயுதம் ஊரில் உள்ள அத்தனை பேர் கைக்கும் போய்ச் சேர்ந்தது. அலாஸ்காவின் எஃப்.பி.ஐ. அதிகாரிகள் மூவரையும் பிடித்தார்கள். 2017 டிசம்பரில் குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள். விசாரணைக்கு உதவியதால் சிறை இல்லை. ஐந்தாண்டு நன்னடத்தைக் கண்காணிப்பு, 2,500 மணி நேரச் சமூகப் பணி, இழப்பீடு. நிரல் மட்டும் இன்றுவரை குட்டி போட்டுக்கொண்டே இருக்கிறது. 2025இல் ‘ஐசுரு’ என்ற கருவிப் படை நடத்திய ஒரு தாக்குதல் நொடிக்கு 29 டெராபிட்டைத் தாண்டியது. கிரெப்ஸ் வாங்கிய அடியைப்போல நாற்பது மடங்குக்கும் மேல்.

மிராய் கதையில் என்னை உறுத்துவது அந்த இளைஞர்கள் அல்ல. கேமரா வைத்திருந்த லட்சக்கணக்கானவர்கள். அவர்கள் யாருக்கும் ஒரு நஷ்டமும் இல்லை. கேமரா ஒழுங்காகப் படம் பிடித்தது. வாங்கியவருக்குத் திருப்தி, விற்றவருக்கு லாபம். அடி வாங்கியது சம்பந்தமே இல்லாத மூன்றாமவர். அப்படியிருக்க, பாதுகாப்புக்காகப் பத்து ரூபாய் கூடுதலாகச் செலவழிக்க யார் முன்வருவார்கள்? சில பெட்டிகளில், பாஸ்வேர்டை மாற்ற நினைத்தாலும் முடியாதபடி அதை நிரலுக்குள்ளேயே எழுதிவைத்திருந்தார்கள். இதைச் சந்தை தானாகச் சரிசெய்யும் என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

“அதேதான் சார், மாத்தல”

ஊரார் கதை போதும். சென்னையில் நான் குடியிருக்கும் அடுக்குமாடியில் எட்டு கேமரா மாட்டினோம். மாட்டியவர் போய் ஏழெட்டு மாதம் கழித்து, ஒரு சைக்கிள் காணாமல் போனபோதுதான் பதிவைப் பார்க்கும் தேவை வந்தது. செயலாளருக்குப் பாஸ்வேர்டு தெரியாது. காவலாளிக்கும் தெரியாது. மாட்டியவருக்குப் போன் செய்தோம். “கம்பெனி போட்டதேதான் சார், மாத்தல. என் கஸ்டமர் எல்லாருக்கும் ஒண்ணுதான், எனக்கும் ஞாபகம் இருக்கணும்ல” என்றார். நல்ல மனிதர், நேர்மையாகச் சொன்னார். அவர் போனிலிருந்தே எங்கள் வாசலைப் பார்க்க முடியும் என்பதையும் சொன்னார். சைக்கிள் கிடைக்கவில்லை.

அந்த ஒற்றைச் சாவிப் பழக்கம் பெரிய இடத்தில் என்ன செய்யும் என்பதற்கு 2021 மார்ச்சில் விடை கிடைத்தது. அமெரிக்காவின் வெர்காடா நிறுவனம் மருத்துவமனை, சிறை, பள்ளி, தொழிற்சாலை என்று எங்கும் கேமரா மாட்டி, காட்சிகளைத் தன் சர்வரில் சேர்த்துவைத்தது. எல்லா வாடிக்கையாளர்களின் கேமராவையும் திறக்கும் ஒரு தலைமைக் கணக்கின் பாஸ்வேர்டு இணையத்தில் வெளியே கிடந்தது. கண்டெடுத்தவர்களுக்குச் சுமார் 1,50,000 கேமராக்களின் நேரலை கிடைத்தது.

நம் நாட்டில் அதைவிடக் கேவலமாக நடந்தது. குஜராத்தின் ராஜ்கோட்டில் ஒரு மகப்பேறு மருத்துவமனை. பரிசோதனை அறையில் பெண்களின் காட்சிகள் யூடியூபில் தலைகாட்டின. டெலிகிராமில் விலைக்கு விற்கப்பட்டன. 2025 பிப்ரவரியில் வெளியே வந்த விவகாரம் இது. விசாரணை விரிந்தபோது நாடெங்கும் பல இடங்களின் கேமராக்களை இதே கும்பல் திறந்து பார்த்தது தெரியவந்தது. மருத்துவமனையில் இருந்ததாகச் சொல்லப்பட்ட பாஸ்வேர்டு, அட்மின்123. பரிசோதனை அறையில் கேமரா எதற்கு என்ற கேள்வி பாஸ்வேர்டுக் கேள்விக்கு முன்னால் வர வேண்டியது. இணையத்தில் மாட்டாத பொருளை இணையம் வழியே யாரும் திருட முடியாது. இந்தச் சுலபமான பாதுகாப்பை விற்பனையாளர் யாரும் சொல்லித்தர மாட்டார்.

வேலையை விட்டுப் போனவர்

பெரியப்பாவின் கருவியில், எந்தெந்த எண்ணிலிருந்து அழைத்தால் எடுக்க வேண்டும் என்று பதிந்துவைக்கலாம். அவர் எண், என் அண்ணன் எண், முன்பு தோட்டத்தில் வேலை பார்த்தவர் எண். அந்த மூன்றாமவர் திருப்பூருக்குப் போய் நாலு வருடம் ஆகிறது. எண்ணை எடுக்கவில்லையா என்றேன். “அவன் நல்லவன்டா” என்றார்.

ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் மரூச்சி என்ற பகுதிக்கு வாய்த்தவர் அப்படி இல்லை. அங்கே 150 அளவில் கழிவுநீரேற்று நிலையங்கள். எல்லாம் ரேடியோ அலை வழியாக இயங்குபவை. அந்த அமைப்பை நிறுவிய கம்பெனியில் வேலை பார்த்துவிட்டு விலகிய ஒருவர், உள்ளாட்சி மன்றத்தில் வேலை கேட்டார். கிடைக்கவில்லை. 2000ஆம் ஆண்டின் தொடக்க மாதங்களில் ஒரு மடிக்கணினியும் ரேடியோ கருவியும் எடுத்துக்கொண்டு காரில் சுற்றினார். 46 முறை பம்புகளுக்குப் பொய்க் கட்டளை கொடுத்தார். எட்டு லட்சம் லிட்டர் சாக்கடை பூங்காக்களிலும் நீர்நிலைகளிலும் ஒரு நட்சத்திர விடுதி வளாகத்திலும் பாய்ந்தது. கோளாறு என்று நினைத்துப் பொறியாளர்கள் வாரக்கணக்கில் இயந்திரத்தை ஆராய்ந்துகொண்டிருந்தார்கள். இரண்டாண்டு சிறைத்தண்டனை பெற்றார் அவர். கால் நூற்றாண்டு ஆகிவிட்டது. ஆள் போனால் சாவியை மாற்றும் வழக்கம் இன்னும் முழுதாக வரவில்லை.

எல்லாவற்றுக்கும் ஹேக்கரைத் தேடுவதும் சரியல்ல. 2021 பிப்ரவரியில் புளோரிடாவின் ஓல்ட்ஸ்மார் குடிநீர் நிலையத்தில் காஸ்டிக் சோடாவின் அளவு 100இலிருந்து 11,100 ஆகத் திரையில் ஏறியது. ஓர் ஊழியர் கண்ணில் பட்டு உடனே குறைத்தார். ஊருக்கே விஷம் வைக்கப் பார்த்தார்கள் என்று உலகம் முழுக்கச் செய்தி. ஊழியர் ஒருவரின் கைத்தவறாகவே அது இருந்திருக்கக்கூடும் என்று அப்போதைய நகர நிர்வாகி பின்னர் சொன்னார். அந்தத் திருத்தத்தைப் பெரிதாகப் போட்ட பத்திரிகைகள் குறைவு.

கைத்தவறின் வீச்சு என்ன என்பதை உத்தரப் பிரதேசம் பார்த்தது. 2020 ஆகஸ்ட் 12, கிருஷ்ண ஜெயந்தி. மாலையில் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகளில் விளக்கு அணைந்தது. கட்டணம் கட்டியவர், கட்டாதவர் என்ற பேதமில்லை. ஸ்மார்ட் மீட்டருக்குள் ஒரு சுவிட்ச் உண்டு. பாக்கி வைத்தவரின் இணைப்பை அலுவலகத்தில் உட்கார்ந்தபடியே துண்டிக்க. அதற்கான கட்டளை தவறாகப் போய்விட்டது. யாரும் ஹேக் செய்யவில்லை. மாநில அரசு விசாரணை வைத்தது, புது மீட்டர் மாட்டுவதை நிறுத்திவைத்தது. பழைய மீட்டர் காலத்தில் ஒன்றரை லட்சம் வீட்டின் பியூசைப் பிடுங்க எத்தனை லைன்மேன்கள் எத்தனை நாள் அலைய வேண்டியிருக்கும்! நாடு முழுக்க 25 கோடி ஸ்மார்ட் மீட்டர் மாட்டுவது மத்திய அரசின் இலக்கு. தமிழ்நாட்டில் சென்னை தி.நகரில் சோதனையாகத் தொடங்கிய வேலை அது. துண்டிக்கும் கட்டளைக்கு ஒருவர் கையெழுத்துப் போதுமா, இருவர் வேண்டுமா, ஒரு மணி நேரத்தில் அதிகபட்சம் எத்தனை வீடு என்ற வரம்பு சர்வரில் இருக்கிறதா என்பதெல்லாம் மீட்டரின் விலையைவிட முக்கியமான கேள்விகள்.

திறப்பு விழாவுக்குப் பிறகு

2015 ஜூன் 25 அன்று தொடங்கிய ஸ்மார்ட் சிட்டி திட்டம் 2025 மார்ச் 31 அன்று முடிந்தது. 100 நகரங்கள், தமிழ்நாட்டில் சென்னை, கோவை, மதுரை, திருச்சி, சேலம், தஞ்சாவூர், வேலூர், திருப்பூர், ஈரோடு, நெல்லை, தூத்துக்குடி என 11. நூறிலும் ஒருங்கிணைந்த கட்டுப்பாட்டு மையம் கட்டியாயிற்று. சுவர் முழுக்கத் திரை, அதில் ஊரின் கேமராக்கள், விளக்குகள், குப்பை வண்டிகள். அமைச்சர் வந்து திறந்துவைத்த படம் எல்லா நாளிதழ்களிலும் வந்தது.

நம் ஊரில் சாலை போட, கட்டடம் கட்ட நிதி உண்டு, பராமரிக்கத்தான் இழுபறி. இது சாலையைவிட மோசம். சாலை பழுதானால் பள்ளம் தெரியும், வண்டி குதிக்கும், ஊர் திட்டும். கேமராவின் மென்பொருள் பழசானால் எதுவும் தெரியாது. படம் வந்துகொண்டேயிருக்கும். ஒப்பந்தம் முடிந்து நிறுவனம் மாறும்போது கருவிகளின் எண்ணிக்கையைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போடுவார்கள். அத்தனை பாஸ்வேர்டையும் மாற்றினார்களா என்ற கட்டம் அந்தப் படிவத்தில் இருக்கிறதா? சென்னையில் காவல்துறையின் ‘மூன்றாவது கண்’ திட்டத்தில் வணிகர்களும் குடியிருப்போரும் தங்கள் காசில் ஏராளமான கேமராக்களை மாட்டினார்கள். அவற்றுக்கு அப்டேட் போடுவது யார் பொறுப்பு என்று கடைக்காரரைக் கேட்டால், “அப்டேட்டா?” என்பார்.

அரசு சும்மா இருக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஐ.ஓ.டி. கருவிகள் மீதான தாக்குதல் உட்பட எந்த இணையத் தாக்குதலையும் ஆறு மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்று 2022இல் மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் உத்தரவிட்டது. 2025 ஏப்ரல் முதல், பாதுகாப்புப் பரிசோதனையில் தேறாத சிசிடிவி கேமராவை இந்தியாவில் விற்க முடியாது. நல்ல சட்டம். ஆனால் அதற்கு முன் மாட்டிய கேமராக்கள் கம்பத்திலேயேதான் இருக்கின்றன.

பிரிட்டன் 2024 ஏப்ரல் 29 முதல், எல்லாப் பெட்டிக்கும் ஒரே பாஸ்வேர்டு என்ற வழக்கத்தையே சட்டவிரோதமாக்கிவிட்டது. எத்தனை காலம் அப்டேட் தருவோம் என்பதையும் விற்கும்போதே சொல்ல வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தின் சட்டம் 2027 டிசம்பரில் முழுதாக அமலாகும். பொதுவாக ஐந்தாண்டாவது அப்டேட் தர வேண்டும் என்கிறது. ஐந்தாண்டு போதுமா? கோவையில் வாங்கிய பம்பு இருபதாண்டு ஓடும். சிங்கப்பூர் வேறு வழியில் போனது: 2020 முதல் கருவிகளுக்குப் பாதுகாப்பு முத்திரை, நான்கு நிலைகளில். நம் ஊரில் ஃப்ரிட்ஜ் வாங்கப் போகும் பாட்டிகூட எத்தனை ஸ்டார் என்று கேட்கப் பழகிவிட்டார். கேமராவுக்கும் ரவுட்டருக்கும் அப்படியொரு பட்டை ஒட்டினால் கேட்கப் பழகுவோம்.

தொழில் நடத்துபவர்களுக்கு ஒரு மீன் தொட்டிக் கதை. 2017இல் டார்க்டிரேஸ் என்ற பாதுகாப்பு நிறுவனம் வெளியிட்டது. வட அமெரிக்காவில் ஒரு சூதாட்ட விடுதி. வரவேற்பறைத் தொட்டியில் தண்ணீரின் சூட்டையும் உப்பையும் அளந்து, வேளாவேளைக்கு இரை போட இணையக் கருவி வைத்தார்கள். அந்தக் கருவி வழியாக உள்ளே வந்தவர்கள் 10 ஜிகாபைட் தகவலைப் பின்லாந்துக்கு அனுப்பிவிட்டார்கள். தொட்டியின் வெப்பமானிக்கும் கணக்குப் பிரிவுக்கும் ஒரே வலையில் என்ன வேலை? பட்டறை இயந்திரங்களைக் கட்டுப்படுத்தும் பி.எல்.சி. பெட்டியும், கேமராவும், ஏ.சி.யும் ஒரு வலையில், கணக்கும் சம்பளப் பட்டியலும் வேறு வலையில் என்று பிரித்துப் போடுவது ஒரு நல்ல நெட்வொர்க் ஆளுக்கு ஒருநாள் வேலை. அதற்கு முன் என்னென்ன கருவி இருக்கிறது என்று ஒரு நோட்டில் எழுத வேண்டும். பெரும்பாலான சிறு நிறுவனங்கள் இந்த முதல் படியிலேயே நிற்கின்றன. ஸ்டோர் ரூமில் எத்தனை நட்டு இருக்கிறது என்பதற்குக் கணக்கு உண்டு, வைஃபையில் எத்தனை கருவி இருக்கிறது என்பதற்கு இல்லை.

அலிக்விப்பாவில் தண்ணீர் நிற்காததற்கு எந்த மென்பொருளும் காரணமல்ல. கைப்பிடி இருந்தது, அதைத் திருப்பத் தெரிந்த ஆட்கள் இருந்தார்கள். ஊர்தோறும் பம்பு ஆபரேட்டர் பணியிடத்தைத் தானியங்கி அமைப்பின் பெயரால் எடுத்துவிடுவதற்கு முன் யோசிக்க வேண்டியது இது. என் பெரியப்பாவும் ஸ்டார்ட்டரின் பழைய பச்சைப் பொத்தானை எடுக்க விடவில்லை.

உங்கள் மாநகராட்சியில் கட்டுப்பாட்டு மையம் இருந்தால் மூன்று கேள்விகளைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். பராமரிப்பு ஒப்பந்தம் எந்தத் தேதியில் முடிகிறது? கடைசியாகப் பாதுகாப்புத் தணிக்கை நடந்தது எப்போது? கருவிகளைப் பொறுப்பேற்றபோது தொழிற்சாலைப் பாஸ்வேர்டுகள் மாற்றப்பட்டனவா? பாஸ்வேர்டு என்ன என்று மட்டும் கேட்காதீர்கள், தர மாட்டார்கள். தந்தால் அதுவே செய்தி. 30 நாளுக்குள் பதில் வர வேண்டும். விண்ணப்பக் கட்டணம் 10 ரூபாய்.